மொபிலிட்டி ஸ்கூட்டரோடு கப்பல் பயணம்: முதல்முறை போகிறவர்கள் செய்ய வேண்டியவை

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்பது நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன பேட்டரி வண்டி. கப்பலுக்குள் அதை ஓட்டுவது பெரிய வேலையே இல்லை. நீளமான சமதளத் தாழ்வாரம், தளத்துக்குத் தளம் லிஃப்ட், குண்டு குழி கிடையாது, எதிரே வண்டி கிடையாது. முதல்முறை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது வேறு நான்கு இடங்களில்: கேபின் கதவு, கப்பலில் ஏறும் சாய்பாலம், துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விடும் சின்னப் படகு, அப்புறம் கப்பல் கிளம்பும் ஊர் வரை போகிற விமானம். இந்த நான்கிலும் போகுமா போகாதா என்பதை வீட்டில் உட்கார்ந்தே அளவு நாடாவையும் பேட்டரியின் லேபிளையும் வைத்துச் சொல்லிவிடலாம். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அளவெடுங்கள். கட்டிய பிறகு அளவெடுத்துப் பயனில்லை.

முதலில் அளவு

ஸ்கூட்டரின் அகலத்தை அது எங்கே அதிகமோ அங்கே எடுக்க வேண்டும். பெரும்பாலும் பின் சக்கரமோ கைப்பிடியோதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் அகலத்தை நம்ப வேண்டாம், அது கைப்பிடியைக் கழற்றிவிட்டு எடுத்ததாகக்கூட இருக்கலாம். பிறகு நீளம், இருக்கையை மடித்த உயரம், பேட்டரியோடு மொத்த எடை, பிரித்தால் அதிலேயே கனமான துண்டின் எடை. ஐந்தையும் அங்குலம், சென்டிமீட்டர், கிலோ, பவுண்டு என்று எல்லா அலகிலும் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றில் கேட்பார்கள்.

இப்போது கதவு. சாதாரண கேபினின் கதவு பல கப்பல்களில் 22 அல்லது 23 அங்குலம்தான், அதாவது 56 முதல் 58 சென்டிமீட்டர். மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினில் 32 அங்குலம், 81 சென்டிமீட்டர் இருக்கும். உங்கள் ஸ்கூட்டர் 21 அங்குலம் என்றால் சாதாரணக் கதவில் நுழைந்துவிடும் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் தாழ்வாரம் குறுகல், கதவு அதன் பக்கவாட்டில் இருக்கும், நேராக வந்து நுழைய முடியாது, தொண்ணூறு டிகிரி திரும்பி நுழைய வேண்டும். அங்கே தடுப்பது ஸ்கூட்டரின் நீளம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: கேபின் கதவு அகலத்துக்கு இரண்டு நாற்காலியை இடைவெளி விட்டுப் போடுங்கள், அதற்கு முன்னால் தாழ்வாரத்தின் அகலத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு (கப்பல் நிறுவனத்திடம் கேட்டால் சொல்வார்கள்), கோட்டைத் தாண்டாமல் திரும்பி நுழைய முடிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். மூன்று சக்கர ஸ்கூட்டர் இந்த இடத்தில் நன்றாகத் திரும்பும். நான்கு சக்கரம் அவ்வளவு எளிதாகத் திரும்பாது, ஆனால் சரிவிலும் மேடுபள்ளத் தெருவிலும் அதுதான் கவிழாமல் நிற்கும்.

நுழையவில்லையென்றால் வெளியே தாழ்வாரத்தில் நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தீ விபத்து நேரத்தில் எல்லோரும் ஓடி வரும் வழி, அங்கே ஸ்கூட்டர் நிற்க எந்த நிறுவனமும் விடாது. கேபினுக்குள்தான் வைக்க வேண்டும், கேபினுக்குள்தான் சார்ஜ் போட வேண்டும்.

எந்தக் கேபின்

இரண்டு வழிதான். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே உள்ளே போக வேண்டியவர் என்றால் மாற்றுத்திறனாளி கேபின் எடுத்தே ஆக வேண்டும். குளியலறைக்குப் படி இருக்காது, தண்ணீர் விழும் இடம் வரை சக்கர நாற்காலி போகும், சுவரில் பிடிமானக் கம்பி இருக்கும், திரும்புவதற்கு ஏறக்குறைய ஐந்தடி வட்டம் இடம் விட்டிருப்பார்கள். நாலு அடி நடக்கக்கூடியவர், ஸ்கூட்டரும் மடிகிற வகை என்றால் சாதாரண கேபினிலேயே சமாளிக்கலாம். அப்போது குளியலறை வாசலில் சில அங்குல உயரத்துக்கு ஒரு வரம்பு இருக்கும், ராத்திரி தூக்கத்தில் எழுந்து போகிறவருக்கு அது ஆபத்து, அதை யோசித்து முடிவெடுங்கள்.

மாற்றுத்திறனாளி கேபின் என்று ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வகை உண்டு. கார்னிவல் நிறுவனம் மூன்றாகப் பிரிக்கிறது: எல்லாப் பக்கமும் இடம் விட்டது, கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் இடம் விட்டது, கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கானது. இரண்டாவது வகையை எடுக்கும்போது எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று கேட்டே தீர வேண்டும். பக்கவாதத்தால் ஒரு பக்கம் பலமில்லாதவருக்கு வலது இடது மாறினால் கட்டிலில் ஏறி இறங்குவதே பெரும்பாடாகிவிடும். முன்பதிவு செய்கிறவர் "எல்லாம் ஒரே மாதிரிதான் சார்" என்று சொன்னால் விடாதீர்கள், கேபின் எண்ணைச் சொல்லி வரைபடம் கேளுங்கள்.

இந்தக் கேபின்கள் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் போய்விடும். ஒரு வருடம் முன்னாலேயே பதிவு செய்கிறவர்கள் நிறைய. லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கிடைத்தால் விடாதீர்கள், ஆட்டமும் அங்கேதான் குறைவு.

கப்பல் நிறுவனத்துக்குச் சொல்வது

பதிவு செய்த கையோடு அவர்களுடைய சிறப்புத் தேவைப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். ஸ்கூட்டரின் தயாரிப்பு, மாடல், அளவு, எடை, பேட்டரி வகை எல்லாம் அதில் கேட்பார்கள். எழுத்தில் பதில் வந்தால்தான் அது பதில். போனில் ஒருவர் "பரவாயில்லை, கொண்டு வாங்க" என்று சொன்னது துறைமுகத்தில் நிற்கும்போது உதவாது.

உங்களுக்கு உரிமையும் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கொடியோடு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்கும் அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறுகிற பயணமென்றால் 2010-ஆம் ஆண்டின் 1177 எண் விதிமுறை இருக்கிறது. உதவி தேவை என்று 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் துறைமுகத்திலும் கப்பலிலும் இலவசமாகச் செய்து தர வேண்டும், அவர்கள் தவறால் ஸ்கூட்டர் சேதமானால் பழுதுச் செலவோ மாற்றுச் செலவோ அவர்களுடையது.

கடல் கப்பலுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஐரோப்பாவின் ஆற்றுக் கப்பல்கள் வேறு கதை. கரையில் இடமில்லாமல் ஒரு கப்பலோடு இன்னொன்றை ஒட்டிக் கட்டி, ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குப் படியேறி நடக்கச் சொல்வார்கள், பலவற்றில் ஸ்கூட்டருக்கு அனுமதியே கிடையாது.

சொந்த ஸ்கூட்டரா, வாடகையா

விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்களுக்கு வாடகை நல்ல வழி. ஸ்பெஷல் நீட்ஸ் அட் சீ, ஸ்கூட்டரவுண்ட் போன்ற நிறுவனங்கள் பல துறைமுகங்களில் ஸ்கூட்டரைக் கேபினிலேயே கொண்டு வந்து வைத்துவிடும், கடைசி நாள் அங்கேயே விட்டுவிட்டு இறங்கலாம். சில கப்பல் நிறுவனங்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட வாடகைக்காரரிடம்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும், அதை முதலில் பாருங்கள். கரையில் இறக்கலாமா, எத்தனை கிலோ வரை உட்காரலாம், நடுவழியில் நின்றுவிட்டால் யார் பொறுப்பு, இதெல்லாம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வந்ததும் கேபினில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், சார்ஜர் இருக்கிறதா என்பதையும்.

ஆனால் முதுகு வலிக்காரர்கள், நாள் முழுக்க அதிலேயே உட்காருகிறவர்கள் சொந்த ஸ்கூட்டரை விட மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். பழகிய இருக்கைக்கு ஈடு கிடையாது.

கப்பலிலேயே சக்கர நாற்காலி தருவார்களே என்று சிலர் நினைப்பதுண்டு. தருவார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும். பயணம் முழுக்க வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கப்பல்களில் கொடுப்பதில்லை.

விமானம்: பேட்டரியின் லேபிள்

வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர் வரும். 24 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 240. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி 300 வாட் ஹவர் வரை இருக்கலாம், அதைக் கழற்றி, முனைகள் எதிலும் படாதபடி ஒரு பையில் போட்டு, உங்கள் கைப்பையோடு விமானத்துக்குள் எடுத்துப் போக வேண்டும். உபரியாக 300 வரை ஒன்று, அல்லது 160 வரை இரண்டு. அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஹவர் பேட்டரி என்றால் 480 ஆகிவிடும், கழற்றுகிற வகையில் அது போகாது. நீண்ட தூரம் ஓடும் என்று பெரிய பேட்டரியாகப் பார்த்து வாங்குகிறவர்கள் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்வது இதில்தான். கப்பலில் ஒரு நாளைக்கு ஓடுகிற தூரத்துக்குச் சின்ன பேட்டரியே போதும், ராத்திரி சார்ஜ் போடத்தானே போகிறோம்.

கசியாத லெட் ஆசிட் பேட்டரி ஸ்கூட்டரிலேயே பொருத்தியபடி சரக்குப் பகுதியில் போகலாம், ஆனால் கனம். எந்த வகையானாலும் விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்பே தெரிவியுங்கள். விமானம் ஏறும் வாயில் வரை ஓட்டிப் போய் அங்கே ஒப்படைக்கும்போது சாவியை எடுத்துக்கொள்ளுங்கள், கூடை, இருக்கை மெத்தை போன்று கழலும் எதையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கையால் தள்ளுவதற்குப் பின்பக்கம் எந்த நெம்பைத் (லீவர்) திருப்ப வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். தெரியாமல் நாலு பேர் சேர்ந்து தூக்கும்போதுதான் கைப்பிடி உடையும்.

ஏறும் நாள்

முனையத்தில் ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனி வரிசை இருக்கும், முதலில் கண்ணில் படும் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். சாய்பாலத்தில்தான் கவனம் வேண்டும். கடல் மட்டம் ஏறி இறங்க அதன் சரிவும் மாறும், காலையில் சாதாரணமாக இருந்தது சாயங்காலம் செங்குத்தாக நிற்கும். அலாஸ்காவின் ஜூனோ, கெட்சிகன் பக்கம் கடல் மட்டம் 20 அடிக்கு மேல்கூட ஏறி இறங்குகிற நாட்கள் உண்டு. ஊழியர் "கொஞ்ச நேரம் பொறுங்கள்" என்றால் பொறுப்பதுதான் சரி.

வேகத்தை ஆகக் குறைவாக வையுங்கள், நேராக ஏறுங்கள், நடுவில் திரும்பாதீர்கள். முக்கியமானது ஒன்று: ஸ்கூட்டரின் பின்னால், மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் மோட்டார் விடுபட்டு வண்டியைக் கையால் தள்ளலாம். அந்த நிலையில் பிரேக் வேலை செய்யாது, ஏனென்றால் இந்த வண்டிகளில் மின்காந்த பிரேக் மோட்டாரோடு சேர்ந்தது. உதவி செய்ய வருகிறவர் நல்ல எண்ணத்தோடு சரிவில் அந்த நெம்பைத் திருப்பிவிட்டால் ஆளோடு வண்டி உருண்டு வரும். யார் பின்னால் வந்தாலும் "அதைத் தொடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சார்ஜ் போடுவது

கேபினில் மின் துளைகள் குறைவு, அவையும் பெரும்பாலும் எழுதும் மேஜைப் பக்கத்தில்தான். அமெரிக்க வகைத் துளை, ஐரோப்பிய வகைத் துளை இரண்டும் பல கப்பல்களில் இருக்கும். உங்கள் சார்ஜரின் அடியில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருந்தால் முனை மாற்றி மட்டும் போதும்.

மின்னழுத்தப் பாதுகாப்பு வைத்த எக்ஸ்டென்ஷன் பலகையை எடுத்துப் போகாதீர்கள், பையைச் சோதிக்கும்போது வாங்கி வைத்துவிடுவார்கள். கெடுபிடிக்காகச் செய்வதில்லை. வீட்டில் ஒரு கம்பியில்தான் மின்சாரம் வரும், கப்பலில் இரண்டு கம்பியிலும் அழுத்தம் இருக்கும். வீட்டுக்காகச் செய்த பலகை ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும், இன்னொன்றில் ஓடிக்கொண்டே இருந்து சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. துளை தூரமாக இருந்தால் கேபின் உதவியாளரிடம் கேளுங்கள், கப்பலுக்கு ஏற்ற நீட்டிப்புக் கம்பி கொண்டு வந்து கொடுப்பார்கள்.

இன்னொரு விஷயம், இது எந்தக் கையேட்டிலும் இருக்காது. சில கப்பல்களில் கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும். சாப்பிடப் போகும்போது அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டால் சார்ஜும் நின்றுவிடும், திரும்பி வந்து பார்த்தால் பச்சை விளக்கு இல்லாமல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாளே அட்டையை எடுத்துவிட்டுச் சார்ஜரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். நின்றுவிடுகிற கப்பல் என்றால் நீங்கள் கேபினில் இருக்கும் ராத்திரியில்தான் முழு சார்ஜும் ஏற வேண்டும். பகலில் மறுபடி ஏற்றலாம் என்று கணக்கு வைக்காதீர்கள்.

கப்பலுக்குள்

2012-ல் கோஸ்டா கான்கார்டியா கப்பல் விபத்துக்குள்ளான பிறகு விதி மாறியது. கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பிய உடனேயோ அவசரகாலப் பயிற்சி நடந்தாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு உங்கள் கூடும் இடத்தில் போய்த் தலை காட்டினால் போதும். ஆனால் ஸ்கூட்டர்காரர் அதோடு நிறுத்தக் கூடாது. அவசர நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது, தூக்கிப் போகும் நாற்காலியோடு ஆட்கள் வருவார்கள், அந்தப் பட்டியலில் உங்கள் கேபின் எண் இருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

லிஃப்டு நெரிசல்தான் தினசரித் தொல்லை. நாடகம் முடிந்த பத்து நிமிடம், சாப்பாட்டு நேரத் தொடக்கம், துறைமுகம் வந்த காலை, இந்த மூன்று நேரமும் லிஃப்ட் நிரம்பி நிரம்பிப் போகும், நடக்கக்கூடியவர்களும் ஒரு தளத்துக்கு லிஃப்டில் ஏறுவார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, பத்து நிமிடம் தள்ளிப் போங்கள், அல்லது முன்பக்க லிஃப்டை விட்டு நடுப்பக்கம் பாருங்கள். உள்ளே பின்னால் திரும்பி ஏறினால் இறங்கும்போது நேராக வந்துவிடலாம். அரங்கத்தில் ஸ்கூட்டருக்கான இடம் சிலதுதான், அரை மணி முன்பே போனால் கிடைக்கும். பஃபேயில் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் வண்டியும் ஆகாத வேலை, ஊழியரைக் கூப்பிட்டால் கூடவே வந்து எடுத்துத் தருவார்கள்.

திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளில் உயர்ந்த வாசற்படி இருக்கும், சாய்வுப் பலகை போட்ட கதவு எது என்று முதல் நாளே கண்டு வைத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளிக்கும் ராத்திரி ஸ்கூட்டரை மடித்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அணைத்து வைத்துவிடுங்கள்.

துறைமுகங்கள்

பயணத் திட்டத்தைப் பார்க்கும்போதே ஒவ்வொரு ஊரிலும் கப்பல் கரையில் கட்டுகிறதா, நடுக்கடலில் நங்கூரம் போட்டு டெண்டர் என்கிற சின்னப் படகில் கொண்டு விடுகிறதா என்று கேளுங்கள். டெண்டர் என்றால் ஸ்கூட்டர் இறங்கும் என்று உறுதி கிடையாது. அலை, ஸ்கூட்டரின் எடை, நீங்கள் ஓரிரு படி இறங்குவீர்களா என்பதையெல்லாம் பார்த்து அன்று காலையில்தான் முடிவு சொல்வார்கள், அந்த முடிவே கடைசி. கிராண்ட் கேமன் தீவும் கிரேக்கத்தின் சாண்டோரினியும் டெண்டர் துறைமுகங்கள். சாண்டோரினியில் படகு பழைய துறைமுகத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து மேலே ஃபிரா ஊருக்குக் கேபிள் கார், கழுதை, இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படி. அந்த நாளைக் கப்பலிலேயே கழிப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டால் ஏமாற்றம் இருக்காது, கூட்டமும் இறங்கிப் போயிருக்கும், நீச்சல் குளப் பக்கம் நிழலான இடம் கிடைக்கும்.

அலாஸ்கா நல்ல தேர்வு என்பது என் கட்சி. ஸ்காக்வேயில் கப்பல் கரையிலேயே கட்டும், ஊர் சமதளம், அங்கே ஓடும் வைட் பாஸ் மலை ரயிலில் சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் வைத்த பெட்டியும் உண்டு, முன்பே சொல்ல வேண்டும். குரோஷியாவின் டுப்ரோவ்னிக்கில் பழைய நகரத்தில் ஸ்ட்ராடுன் என்கிற பெரிய தெரு வழவழவென்று சமமாக இருக்கும், ஆனால் கிளைத் தெருக்கள் முழுக்கப் படிக்கட்டு. ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தின் கோகோகே தீவில் கப்பல் மேடையிலேயே கட்டும், மணலில் போக அகலச் சக்கர நாற்காலி வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரை மணலில் இறக்கவே கூடாது, மோட்டாருக்குள் மணல் போனால் அப்புறம் அவ்வளவுதான்.

சுற்றுலாப் பேருந்து பதிவு செய்யும்போது லிஃப்ட் வைத்ததா, மடித்த ஸ்கூட்டரை அடியில் வைத்துவிட்டுப் படியேற வேண்டியதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே குறியீடு போட்டிருப்பார்கள். கரையில் பேட்டரி பாதி இறங்கியதும் திரும்பிவிடுங்கள். ஏற்றத்தில் வீட்டுத் தெருவைவிட வேகமாகச் சார்ஜ் தீரும்.

இறங்கும் நாள்

முந்தின ராத்திரி பெரிய பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். சார்ஜர், முனை மாற்றி, மருந்து, சாவி எதையும் அந்தப் பெட்டியில் போடாதீர்கள், அன்று ராத்திரிதான் கடைசி சார்ஜ், மறுநாள் விமான நிலையம் வரை ஓட வேண்டும். உதவி கேட்டவர்கள் எந்த இடத்தில் காத்திருக்க வேண்டும் என்று ஒரு சீட்டு வரும், அந்த நேரத்துக்குப் போனால் போதும்.

விமானம் இறங்கியதும் ஸ்கூட்டரை வாங்கி அங்கேயே சாவி போட்டு ஓட்டிப் பாருங்கள். கைப்பிடி ஆடுகிறதா, சக்கரம் உரசுகிறதா, பின்பக்க நெம்பு ஓட்டும் நிலைக்குத் திரும்பியிருக்கிறதா. சேதம் இருந்தால் அந்தக் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தீர்களென்றால், சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதமான பெட்டி சாமானுக்குப் புகார் எழுத்தில் கொடுக்க 7 நாள்தான் அவகாசம்.